பொடி உப்பா, கல்லுப்பா: எட்டு அங்குல டாப்சோனியனோடு மூன்று கோடை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சந்திரனையும் சனி வளையத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டினால் போதும் என்பவர்களுக்கு இந்த டெலஸ்கோப் வேண்டாம். பாதி விலையில், பாதி எடையில் அதற்கு வேறு கிடைக்கும். நான் இதை வாங்கியது குளோபுலர் கிளஸ்டர் என்று சொல்கிறார்களே, அந்தக் கோளக் கொத்துகளைப் பார்க்க. லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் தங்கள் ஈர்ப்பாலேயே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பந்தாகத் திரண்டு நிற்பவை. நம் பால்வெளியைச் சுற்றி 150-க்கு மேல் கணக்கில் வந்திருக்கின்றன. இந்த விமர்சனத்தில் நான் போடும் மார்க் எல்லாம் அவற்றை இது எப்படிக் காட்டுகிறது என்பதற்குத்தான்.

ஏன் இந்தப் பைத்தியம் என்றால், தொழில் அப்படி. சிவகாசியில் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் இருபத்திரண்டு வருடமாக பிளேட்டும் கலரும் சரிபார்க்கிறேன். சட்டைப்பையில் எப்போதும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று கிடக்கும். காலண்டரில் முருகன் கன்னத்தைப் பார்த்தால் உங்களுக்கு வழவழவென்று ஒரே நிறம் தெரியும். லென்ஸை வைத்தால் அத்தனையும் டாட். நீலம், மெஜெந்தா, மஞ்சள், கறுப்பு என்று நாலு நிறப் புள்ளிகள் அவரவர் கோணத்தில் வரிசை கட்டி நிற்கும். வெறும் பூச்சு என்று நினைத்த இடம் புள்ளி புள்ளியாக உடைகிற அந்த ஒரு நொடி எனக்கு இன்னும் சலிக்கவில்லை. கோளக் கொத்தும் அதே சங்கதிதான். பைனாகுலரில் பார்த்தால் பஞ்சு. நல்ல கண்ணாடியில் பார்த்தால் டாட். பஞ்சு எந்த இடத்தில் உடைந்து டாட் ஆகிறது என்பதை வைத்தே ஒரு டெலஸ்கோப்புக்கு மார்க் போட்டுவிடலாம்.

சரி, சாமானுக்கு வருவோம். 203 மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடி, 1,200 மில்லிமீட்டர் குவியத் தொலைவு. மோட்டார் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. பீரங்கி மாதிரி ஒரு குழாய், அதைத் தாங்க ஒரு மரப்பெட்டி. கையால் தள்ளினால் நகரும், விட்டால் நிற்கும். இந்த வடிவத்தைப் பிரபலமாக்கிய ஜான் டாப்சன், சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மடத்தைச் சார்ந்த வேதாந்த சங்கத்தில் இருபது வருடத்துக்கு மேல் துறவியாக இருந்தவர். கண்ணாடி தேய்க்கிற ஆசையை விட முடியாமல் 1967-இல் அங்கிருந்து வெளியே வரவேண்டியதாயிற்று. அப்புறம் நடைபாதையில் டெலஸ்கோப்பை நிறுத்திப் போகிற வருகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டுவதையே வேலையாக வைத்துக்கொண்டார். செலவில்லாமல் பெரிய கண்ணாடி என்பதுதான் அவர் கணக்கு. அந்தக் கணக்கு இன்றைக்கும் சரியாகத்தான் இருக்கிறது: இருட்டில் விரிந்த நம் கண்மணியைவிட இந்தக் கண்ணாடி ஏறத்தாழ 800 மடங்கு வெளிச்சத்தை வாங்குகிறது.

2023 ஜனவரியில் கூரியர் செலவோடு 55,000 ரூபாய் ஆயிற்று. கம்பெனிப் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொல்லியும் பெரிய பயனில்லை. எந்த ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் இந்த அளவுக் குழாய்கள் பெரும்பாலும் தைவான், சீனா பக்கத்துத் தொழிற்சாலைகளிலிருந்துதான் வருகின்றன.

பெட்டி வந்த அன்றே எரிச்சல். கண்ணாடியைப் பிடித்துவைக்கும் மூன்று கிளிப்பில் ஒன்று கழன்று குழாய்க்குள் உருண்டுகொண்டிருந்தது. நல்லவேளை, கண்ணாடியில் கீறல் இல்லை. விற்ற கடைக்கு போட்டோ எடுத்து அனுப்பினேன். "செக் பண்ணிச் சொல்றோம் சார்" என்று பதில் வந்தது. இன்னும் செக் பண்ணிக்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. மெஷின்மேன் தம்பி ஒருத்தன்தான் ஸ்குரூ டிரைவரோடு வந்து பத்து நிமிடத்தில் மாட்டிக் கொடுத்தான். இன்னொன்றும் சொல்லவேண்டும். அட்டைப்பெட்டி மேலே போட்டிருந்த வண்ணப் படம் ஹப்பிள் எடுத்ததைப் போன்ற படம். அதிலும் மெஜெந்தா கூடிப்போய், ரெஜிஸ்டர் (நாலு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவதை நாங்கள் அப்படிச் சொல்வோம்) அரை மில்லி விலகி இருந்தது. அந்த நிறத்தை எதிர்பார்த்து யாரும் கண்ணை வைக்காதீர்கள். மங்கலான வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் தெரியாது, சாம்பலும் வெள்ளியும்தான்.

முதல் நாலு மாதம் மொட்டை மாடியில் வைத்துப் பார்த்து வெறுத்துப்போனேன். சிவகாசி வானத்தில் விளக்கு வெளிச்சமும் தூசியும் கலந்து ஒரு ஆரஞ்சு மூட்டம் எப்போதும் நிற்கும். வியாழன் நன்றாகத்தான் தெரிந்தது. கொத்துகள் எல்லாம் தண்ணீர் தெளித்த சாம்பலைப்போல அமுங்கிக் கிடந்தன. டெலஸ்கோப் மோசம் என்றே முடிவு கட்டி விற்பதற்குக்கூட ஆள் பார்த்தேன்.

அந்த வருடம் மே 19, வெள்ளிக்கிழமை, அமாவாசை. காலண்டர் வேலை ஆடிப்பெருக்குக்கு ஆல்பம் வந்த பிறகுதான் சூடுபிடிக்கும் என்பதால் லீவு கேட்டால் கிடைக்கிற மாதம். குழாயைப் போர்வையில் சுற்றி ஆம்னியின் பின்சீட்டில் கிடத்தி, மரப்பெட்டியைக் கால்மாட்டில் வைத்து, விளாத்திகுளம் வழியாகச் சாயல்குடிப் பக்கம் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். பனையும் சீமைக்கருவேலமும் தவிர ஒன்றுமில்லாத ஊர். தெற்கே கொஞ்ச தூரத்தில் மன்னார் வளைகுடா, அதற்கு அப்பால் ஊரும் இல்லை, விளக்கும் இல்லை. தெற்கு வானத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கோளக் கொத்துகளிலேயே பிரகாசமானது ஒமேகா சென்டாரி. அதைத் தேட நமக்குப் பெரிய வரைபடம் ஒன்றும் தேவையில்லை. சித்திரை நட்சத்திரம் தெரியுமல்லவா, ஸ்பைகா? அது தலைக்குச் சற்றுத் தெற்கே உச்சத்துக்கு வந்திருக்கும்போது, அதிலிருந்து நேர் கீழே தெற்கு அடிவானத்தை நோக்கி இறங்குங்கள். கையை நீட்டிப் பிடித்து அளந்தால் இரண்டு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. அங்கே மங்கலாக, கொஞ்சம் கசிந்தாற்போல ஒரு "நட்சத்திரம்" இருக்கும். அதுதான். சாயல்குடியில் அது உச்சத்தில் 33 டிகிரி உயரம் ஏறுகிறது. லண்டன்காரனுக்கும் பாரிஸ்காரனுக்கும் இது எழுவதே கிடையாது. எம் 13 (எம் என்றால் மெஸ்யே என்ற பிரெஞ்சு வானியலர் போட்ட பட்டியலின் எண்) என்ற வடக்குக் கொத்தைப் பெரிதாகப் பேசும் புத்தகங்களை எழுதியவர்கள் எந்த ஊரில் உட்கார்ந்து எழுதினார்கள் என்று பார்த்தால் காரணம் புரிந்துவிடும்.

பழங்கால வானியலர் தாலமி இதை நட்சத்திரம் என்றே குறித்துவைத்தார். 1603-இல் பேயர் தன் வரைபடத்தில் ஒமேகா என்று எழுத்துக் கொடுத்ததும் நட்சத்திரம் என்ற நினைப்பில்தான். 1677-இல் செயின்ட் ஹெலெனா தீவில் இருந்த எட்மண்ட் ஹாலிதான், இது நட்சத்திரம் மாதிரி இல்லையே, மேகம் மாதிரி இருக்கிறதே என்று கவனித்தார். கொத்து என்று சொல்ல இன்னும் ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. 1826-இல் ஜேம்ஸ் டன்லப்.

பத்து மணிக்கு 25 மில்லிமீட்டர் ஐபீஸை, அதாவது கண்ணை வைக்கிற லென்ஸை, போட்டேன். 48 மடங்கு. குழாயை மெதுவாகக் கீழே இறக்கிக்கொண்டு வந்தேன். வட்டத்தின் ஓரத்திலிருந்து அது உள்ளே நுழைந்தது. பாதி வட்டத்தை அடைத்துக்கொண்டது. ஆகாயத்தில் முழு நிலா பிடிக்கும் அளவுக்கு இடத்தை இதுவும் பிடிக்கும் என்று படித்திருந்தேன். படித்தது வேறு, பார்த்தது வேறு. நடுவில் வெண்மையாக ஒரு திரட்சி, அதன்மேல் ஓரம் வரைக்கும் தூவிவிட்டாற்போல நுண்ணிய பொடி. நேராக உற்றுப் பார்த்தால் பொடி மறைகிறது; கண்ணைச் சற்று ஓரம் திருப்பினால் திரும்பவும் மினுக்குகிறது. பத்து நிமிடம் மூச்சுவிடாத குறையாக நின்றிருந்தேன்.

பெரியம்மா திண்ணையிலிருந்து எழுந்து வந்தார். எழுபத்திமூன்று வயது, இரண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் ஆனவர். ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, குனியாமல் பார்க்கிற உயரத்துக்கு வைத்துக் கொடுத்தேன்.

"எய்யா, உப்பு கொட்டிக் கெடக்கு."

"உப்பா?"

"ஆமாய்யா. பொடி உப்பு."

ஐபீஸை மாற்றி 9 மில்லிமீட்டரைப் போட்டேன். 133 மடங்கு. இப்போது கொத்து வட்டத்துக்குள் அடங்கவில்லை. நடுத்திரட்சியே பிரிந்து, ஒவ்வொன்றும் தனித்தனிக் குத்தாக, அடுக்கடுக்காக, பின்னால் இன்னும் மங்கலான ஒரு அடுக்கு. பெரியம்மா மறுபடி கண்ணை வைத்தார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "இப்பக் கல்லுப்பு," என்றார். "எண்ண முடியுமாய்யா இத?"

ஏறத்தாழ ஒரு கோடி என்று சொன்னேன். நம்பவில்லை. இந்தக் குழாயில் தெரிவது அதில் பளிச்சென்று இருக்கும் சில ஆயிரம் பேர்தான், மற்றவர்கள் மங்கல் என்றும் சொன்னேன். அதற்கு, "நம்ம ஊர் ஓட்டர் லிஸ்ட் மாதிரி," என்றார். அதில் எங்கே ஒற்றுமை என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

என் பரீட்சையில் அன்றைக்கு இது பாஸ். மாடியில் ஃபெயில் ஆனது டெலஸ்கோப் இல்லை, மாடி. எட்டு அங்குலம் என்பது ஒமேகா சென்டாரியை ஓரத்தில் மட்டும் உடைத்துக் காட்டாமல் நடு வரைக்கும் டாட் டாட்டாகப் பிரித்துக் காட்டும் அளவு. நண்பர் ஒருவரின் நாலரை அங்குலத்தை அடுத்த வருடம் அதே இடத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தோம். ஓரத்தில் சில புள்ளிகள் தெரிந்தன, நடு பஞ்சாகவே நின்றது. அவர் நான் கொடுத்த விலையில் மூன்றில் ஒரு பங்கு கொடுத்தவர், அதனால் தப்பில்லை.

இந்த உப்பைப் பார்ப்பதில் அழகுக்கு மேலே என்ன இருக்கிறது என்று வீட்டில் கேட்டார்கள். தீபாவளியை வைத்துத்தான் விளக்கினேன், சிவகாசியில் வேறெதை வைத்து விளக்க? ஒரு தெருவில் எல்லாரும் எல்லா மத்தாப்பையும் ஒரே நொடியில் பற்றவைத்தார்கள் என்று வையுங்கள். பெரிய புஸ்வாணம் பளீரென்று எரிந்து முதலில் அடங்கிவிடும். சின்னது நின்று எரியும். நீங்கள் தாமதமாக வந்து, எந்த அளவு வரைக்கும் அடங்கிவிட்டது, எது இன்னும் எரிகிறது என்று பார்த்தாலே எப்போது பற்றவைத்தார்கள் என்று சொல்லிவிடலாம். கோளக் கொத்தின் நட்சத்திரங்களும் பெரும்பாலும் ஒரே காலத்தில் பிறந்தவை, நம்மிடமிருந்து ஒரே தொலைவில் இருப்பவை. எடை கூடியவை முதலில் எரிபொருளைத் தீர்த்துக்கொண்டு சிவப்புப் பூதங்களாகிவிடும். எந்த எடைவரைக்கும் அப்படி விலகிவிட்டன என்று வரைபடத்தில் பார்த்து வயது சொல்கிறார்கள்: 1,200 கோடி ஆண்டு, 1,300 கோடி ஆண்டு. சூரியனுக்கு 460 கோடிதான்.

இந்த வயதுக் கணக்கு 1990-களில் பெரிய சங்கடத்தைக் கொடுத்தது. கொத்துகளின் வயது 1,500 கோடிக்கு மேல் என்று பலர் கணக்குச் சொல்ல, பேரண்டம் விரியும் வேகத்தை வைத்துப் போட்ட கணக்கில் பேரண்டத்துக்கே அவ்வளவு வயது வரவில்லை. அப்பனைவிடப் பிள்ளை மூத்தவன். 1997-இல் ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோள் கொடுத்த தொலைவு அளவுகளால் கொத்துகள் நினைத்ததைவிடத் தள்ளி இருப்பது தெரிந்தது. தள்ளி இருந்தால் உண்மையில் இன்னும் பிரகாசம், பிரகாசம் என்றால் வயது குறைவு. அடுத்த வருடமே பேரண்டத்தின் விரிவு வேகம் கூடிக்கொண்டே போகிறது என்ற கண்டுபிடிப்பு வந்து பேரண்டத்தின் வயதைக் கூட்டியது. இப்போது 1,380 கோடி என்பதற்குள் கொத்துகள் அடங்கிவிட்டன. வீட்டில் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்: பேரண்டத்தின் கணக்கு தப்பு என்று கையைத் தூக்கிச் சொன்னவை இந்த உப்புக் குவியல்கள்.

ஒமேகா சென்டாரி மட்டும் இந்த "ஒரே காலத்தில் பிறந்தவை" விதிக்கு அடங்காத பிள்ளை. ஹப்பிளை வைத்து அதன் நட்சத்திரங்களை நிறத்துக்கும் வெளிச்சத்துக்கும் ஒரு வரைபடமாகப் போட்டால், ஒரே கோடாக வரவேண்டிய இடத்தில் கோடு இரண்டாகப் பிரிந்து ஓடுகிறது. நானாக இருந்தால் ரெஜிஸ்டர் அவுட் என்று மெஷினை நிறுத்தச் சொல்லியிருப்பேன். ஆனால் அச்சுப் பிழை இல்லை. ஒரு கூட்டத்தில் ஹீலியம் அதிகம் என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம். ஒன்றுக்கு மேற்பட்ட தலைமுறை உள்ளே இருக்கிறது. அதனால்தான் இது உண்மையில் கொத்தே இல்லை, பால்வெளி ஒரு குட்டி விண்மீன் மண்டலத்தை விழுங்கியதில் மிஞ்சிய கொட்டை என்று பலர் கருதுகிறார்கள். நம் இஸ்ரோவின் ஆஸ்ட்ரோசாட்டும் தன் புறஊதாக் கண்ணால் இதைப் படம் எடுத்திருக்கிறது.

அன்று இரவுக்குத் திரும்புவோம். சென்டாரஸ் மண்டலத்தில் இருக்கும்போதே ஆல்ஃபா சென்டாரி என்ற நட்சத்திரத்தையும் ஒரு எட்டுப் பார்த்துவிடுங்கள். கண்ணுக்கு ஒன்று, குழாயில் இரண்டு. அது இரட்டை என்று 1689 டிசம்பரில் முதலில் கண்டவர் ழான் ரிஷோ என்ற ஏசு சபைப் பாதிரியார். வால்வெள்ளி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தற்செயலாகக் கண்டார். எங்கிருந்து? புதுச்சேரியிலிருந்து. பிரெஞ்சுக்காரர் என்றாலும், பார்த்தது நம் கடற்கரை வானத்தில்.

நள்ளிரவு நெருங்கும்போது எம் 5. இங்கேதான் டாப்சோனியனின் ஒரு உண்மையான கோளாறு தெரிந்தது. நம் ஊரில் எம் 5 ஏறத்தாழ உச்சந்தலைக்கு வந்துவிடும். குழாய் செங்குத்தாக நிற்கும்போது இந்தப் பெட்டியைத் திருப்புவது உரலைப் பிடித்துச் சுற்றுவது போல. கொஞ்சம் நகர்த்த நினைத்தால் மொத்தமாகத் திமிறிப் போய்விடும். வட நாட்டுக் குளிர்தேசத்தார் எழுதும் விமர்சனங்களில் எம் 5 பற்றி இந்தப் புலம்பல் இருக்காது. அவர்களுக்கு அது சாய்வாக நிற்கும். என் யோசனை: உச்சத்துக்கு வரும் ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னாலேயே பார்த்துவிடுங்கள்.

அப்புறம் எம் 4. கேட்டையின் அந்தச் சிவந்த நட்சத்திரத்துக்கு ஒரு விரற்கடை மேற்கே. இது மிக அருகில் உள்ள கொத்துகளில் ஒன்று, சுமார் 6,000 ஒளியாண்டு. அடர்த்தி குறைவு, அதனால் எளிதாக உடையும். நடுவில் ஒரு குச்சியை வைத்தாற்போல நட்சத்திர வரிசை. 1764-இல் மெஸ்யே தன் சின்னக் குழாயிலேயே தனித்தனியாகப் பிரித்துக் கண்ட கொத்து இது ஒன்றுதான். எம் 13 வடக்கே. 1974 நவம்பரில் அரெசிபோ ரேடியோ தட்டிலிருந்து வேற்றுலகத்தாருக்கென்று மனிதர்கள் ஒரு செய்தி அனுப்பினார்களே, அதற்குத்தான். போய்ச் சேர இருபதாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகும். அனுப்பிய தட்டு 2020-இல் இடிந்து விழுந்தே விட்டது. ஒமேகாவைப் பார்த்த கண்ணுக்கு எம் 13 கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு வந்து வீட்டுச் சாப்பாடு சாப்பிடுகிற மாதிரி. மூன்று மணிக்குத் தனுசில் எம் 22. 1665-இல் ஆபிரகாம் ஈலே கண்டது. கோளக் கொத்துகளில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது என்ற பெருமை இதற்கு. என் கணக்கில் ஒமேகாவுக்கு அடுத்த இடம் இதற்குத்தான், எம் 13-க்கு இல்லை.

மூன்று வருடம் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் ஒன்று எனக்கே தட்டுப்பட்டது. தை மாதத்து முன்னிரவில் கொத்து தேடினால் முயல் மண்டலத்தில் எம் 79 என்று ஒற்றையாக ஒன்று கிடைக்கும். ஆனி ஆடியில் விருச்சிகம், தனுசுப் பக்கம் குழாயைத் திருப்பினால் தடுக்கி விழுந்த இடமெல்லாம் கொத்து. நான் கண்டுபிடித்துவிட்டதாக ஒரு வாரம் பூரித்துப்போயிருந்தேன். 1918-இலேயே ஹார்லோ ஷாப்லி என்ற அமெரிக்க வானியலர் இதை வைத்துத்தான் சூரியனைப் பால்வெளியின் நடுவிலிருந்து தூக்கி ஓரத்தில் வைத்தார் என்று அப்புறம் படித்தேன். கொத்துகளுக்குள் அரை நாளில் மங்கிப் பிரகாசிக்கும் ஆர்.ஆர். லைரே வகை நட்சத்திரங்களை வைத்துத் தொலைவு அளந்து, கொத்துகள் எல்லாம் எதைச் சுற்றித் திரண்டிருக்கின்றனவோ அதுதான் நடு, நாம் நடுவில் இல்லை என்றார். தொலைவை ஏறக்குறைய இரண்டு மடங்கு கூட்டித்தான் சொன்னார். இடையில் இருக்கும் தூசியை அப்போது யாரும் கணக்கில் எடுக்கவில்லை. இன்றைக்கு நமக்கும் நடுவுக்கும் 26,000 ஒளியாண்டு என்கிறார்கள். திசையில் தப்பில்லை.

குறைகளைப் பட்டியல் போடாமல் விட்டால் விமர்சனம் ஆகாது. மரப்பெட்டி என்று சொன்னது மரியாதைக்கு; உள்ளே மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. முதல் மழைக்காலத்திலேயே கீழ் விளிம்பு பூரி மாதிரி உப்பிவிட்டது. தச்சரிடம் கொடுத்து ஓரம் முழுக்க வார்னிஷ் அடிக்க 900 ரூபாய். வாங்கிய உடனே அடித்துவிடுங்கள். கூடவே கொடுத்த, வானத்தில் குறிபார்க்க உதவும் சிவப்புப் புள்ளி ஃபைண்டரின் பேட்டரியை அணைக்க மறந்தால், மறப்பீர்கள், மறுநாள் செத்துக் கிடக்கும். கண்ணாடிகளை நேர்ப்படுத்தத் தந்த லேசர் தானே கோணல். அதை நம்பிச் சரிசெய்து இருந்ததையும் கெடுத்துக்கொண்டு ஒரு இரவு முழுக்க நட்சத்திரமெல்லாம் வால் முளைத்துத் தெரிந்தன. ஃபிலிம் டப்பா மூடியில் நடுவில் ஓட்டை போட்டு அதன் வழியாகப் பார்த்துச் சரிசெய்வதுதான் இப்போது என் வழி, செலவு ஒன்றுமில்லை.

வெயிலில் காய்ந்த காரிலிருந்து இறக்கியதும் கண்ணை வைக்காதீர்கள். கண்ணாடி வெளிக்காற்றின் சூட்டுக்கு வர எனக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. அதுவரை கொத்து எல்லாம் கொதிக்கிற பால் மாதிரி ஆடும். கடற்காற்று வீசினால் இந்தக் குழாய் பாய்மரம். ஆம்னியை மேற்கே மறைப்பாக நிறுத்தியும் சில இரவுகளில் 133 மடங்கை விட்டு 48-க்கே திரும்பவேண்டியிருந்தது. ஈரப்பதத்தில் ஐபீஸ் மூடுபனி போர்த்திக்கொள்ளும். பெரியம்மா கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வைத்ததில் அந்த ஆவி வேறு. எடை சுமார் இருபது கிலோ, இரண்டு துண்டாகத் தூக்கலாம். முதுகுவலி உள்ளவர்கள் யோசிக்கவேண்டும்.

கண்ணாடியைக் குறை சொல்ல மாட்டேன். மூன்று வருடத்தில் ஒரு தடவைதான் கழுவினேன், வடிகட்டிய தண்ணீரும் ஒரு சொட்டு சோப்பும். ஃபோக்கசர் சாதாரணம்தான், ஆனால் வழுக்கவில்லை. 25 மில்லிமீட்டர் ஐபீஸ் நல்லது, கூடக் கொடுத்த 9 மில்லிமீட்டரின் ஓரங்கள் கோணல். நடுவில் வைத்துப் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு மாற்றவேண்டிய அவசியமில்லை.

2024 ஜூலையில் ஒமேகா சென்டாரி மறுபடி செய்தியில் வந்தது. அதன் நட்டநடுவில் ஏழு நட்சத்திரங்கள், கொத்தைவிட்டே பிய்த்துக்கொண்டு ஓடியிருக்கவேண்டிய வேகத்தில் போயும் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கின்றன. எதோ ஒன்று பிடித்துவைத்திருக்கிறது. குறைந்தது 8,200 சூரியன்களின் எடையுள்ள கருந்துளை என்றது நேச்சர் இதழில் வந்த கட்டுரை. வேறு விளக்கம் சொல்பவர்களும் உண்டு, விவாதம் ஓய்ந்தபாடில்லை. என்னைத் தூக்கிவாரிப்போட்டது வேறு விஷயம். இருபது வருடத்து ஹப்பிள் படங்கள் 500-க்கு மேல் வைத்துத்தான் அந்த வேகத்தை அளந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை கருந்துளை தேட எடுத்த படங்களே இல்லை. கருவிகளைச் சரிபார்க்க எடுத்தவை. அதாவது நாங்கள் கலர் செட் பண்ண ஓட்டுகிற வேஸ்ட் ஷீட்! எங்கள் அச்சகத்தில் அதைக் கிலோ கணக்கில் எடைக்குப் போடுகிறோம்.

கொத்துக்குள் எடை கூடியது மெல்ல நடுவுக்கு இறங்கும். அந்தக் கணக்குக்குப் பின்னால் நம் ஆள் ஒருவரும் இருக்கிறார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். கூட்டத்துக்குள் ஓடும் கனமான பொருளைச் சுற்றியுள்ளவை பின்னுக்கு இழுத்து வேகத்தைக் குறைக்கும் என்று 1943-இல் கணக்குப் போட்டுக் காட்டினார். அவருடைய நோபல் என்றதும் வெள்ளைக் குறுமீன் எல்லையை (எரிந்து அடங்கிய நட்சத்திரம் எவ்வளவு எடைவரை தாங்கும் என்ற கணக்கு) மட்டும் பேசுகிறோம். கொத்துகளுக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ள இன்றைக்கும் இந்த உராய்வுக் கணக்கை எடுக்கிறார்கள்.

யார் வாங்கலாம்? இருட்டான இடத்தில் ஒரு பெரியம்மாவோ மாமனார் வீடோ இருப்பவர்கள், கூடவே பின்சீட்டு மடங்குகிற வண்டி வைத்திருப்பவர்கள். மாடியை விட்டு நகர மாட்டேன் என்பவர்கள் இந்தப் பணத்தை வேறெதிலாவது போடுங்கள். முடிவு செய்யும் முன் ஒரு தடவையாவது 10-க்கு 50 பைனாகுலரை இரவல் வாங்கிக்கொண்டு, சித்திரை, வைகாசி அமாவாசையில் ஊருக்கு வெளியே தெற்கே பார்த்து நில்லுங்கள். அந்தப் பஞ்சு உருண்டையைப் பார்த்து, உள்ளே என்ன இருக்கிறது என்று அரிப்பு எடுத்தால் வாங்குங்கள். ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். ஒரு மார்க் அந்தப் பலகைக்காகவும், செக் பண்ணிக்கொண்டிருக்கும் கடைக்காகவும் குறைத்தது.

47 டுகேனே பற்றிக் கேட்பீர்கள். ஒமேகாவுக்கு அடுத்த பிரகாசமான கொத்து அதுதான். சாயல்குடியில் அது ஒன்பது டிகிரிக்குக் கீழேதான் ஏறும், அதுவும் முன்னிரவில் தெரிவது ஐப்பசி, கார்த்திகையில். ஒன்று மழை, இல்லாவிட்டால் காலண்டர் சீசன். மூன்று வருடமாக ஒரு தடவைகூட மாட்டவில்லை. போன கார்த்திகையில் பெரியம்மாவே போன் செய்து, "மேகம் இல்லய்யா, வாரியா?" என்று கேட்டார். அன்றைக்கு ராத்திரி ஷிஃப்டில் பன்னிரண்டாயிரம் ஷீட் பாக்கி இருந்தது.